ஜமீனும் எண்ணெய் டின்னும்

கொல்லிமலையில் நாய் வளர்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. நாய் வளர்ப்பதைப் பற்றி ஊரார் சொல்லும் யோசனைகளைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை. அந்த மலையின் குண்டனி நாடு என்ற பகுதியில், சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊரில் பானுமதி இரண்டையும் செய்துகொண்டிருந்தாள். முதல் வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவதில் அவளுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டே வந்தது.

நாயின் பெயர் ஜமீன். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறிய பஸ், ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றபோதுதான் பானுமதி அதைப் பார்த்தாள். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குரங்குகள். அவற்றுக்குக் கீழே, மழைத்தண்ணீர் ஓடும் கால்வாயில் நடுங்கிக்கொண்டு ஒரு நாய்க்குட்டி. யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் நன்றாயிருக்கட்டும், வேறென்ன சொல்வது. பானுமதி யாரையும் கேட்காமல் இறங்கிக் குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த குட்டி வயிறு முட்டப் பால் குடித்தது. பிறகு வேல்முருகன் வழக்கமாக உட்காரும் சாக்கின்மேல் நான்கு காலையும் நீட்டிப் படுத்தது. அவன் பானுமதியின் புருஷன், அதிகம் பேசாதவன். இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னமோ ஜமீன் வாரிசாட்டப் படுத்திருக்குது" என்றான். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

குட்டி வளர்ந்து பெரிய நாயானதும் அதற்கு ஒரு வேலை காத்திருந்தது. வீட்டுக்குக் கீழே சரிவு முழுக்க அவர்களுடைய வாழைத்தோப்பு. தோப்பைத் தாண்டி எதிர்ச்சரிவில் செங்கோடனின் சாமைக் காடு. இங்கே வாசலில் நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும். மலையில் வாழை போட்டவனுக்குக் குரங்கு கேட்காமலே வந்து சேரும் பங்காளி. குலை முற்றும் நாளைத் தோட்டக்காரனைவிடச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கும். அது வந்துவிட்டால் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். காலி எண்ணெய் டின்னை எடுத்துக் குச்சியால் டங்கு டங்கென்று அடித்துக் கூச்சல் போடுவார்கள். முன்பெல்லாம் குரங்குகள் அதற்குப் பயந்து ஓடின. இப்போது பழகிவிட்டன. கல்யாண வீட்டு மேளத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே பழத்தை உரிக்கின்றன. அதனால்தான் நாய் வேண்டியிருந்தது.

ஜமீன் என்ன செய்தது? தோப்பில் குரங்கு இறங்கும். பானுமதி வாசலில் நின்று டின்னை அடித்து, "ஜமீனு, உடாத, புடி!" என்று கத்துவாள். தோப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த ஜமீன் குரங்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டில் மூச்சிரைக்க ஏறி ஓடிவந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் முகத்தையே அண்ணாந்து பார்க்கும். அவள் கத்தக் கத்த அதன் வால் வேகமாக ஆடும். கீழே குரங்குகள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தோலைப் போட்டுவிட்டுப் போகும்.

"நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லம்பாங்க. உங்குளுதுக்கு நிக்க மட்டும் நெறைய நேரமிருக்குது அம்மிணி" என்றார் செங்கோடன்.

செங்கோடன் தம் வாழ்நாளில் நாய் வளர்த்ததில்லை. உள்ளூர நாய் என்றால் பயம். ஆனால் நாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. குட்டியில் குரங்குக் கூட்டத்துக்கு நடுவே கிடந்ததால் அந்தப் பயம் ஜமீனின் ரத்தத்தில் ஊறிவிட்டது என்றார். பிறகு, சோறு அதிகம் என்றார். பிறகு, ஜமீன் என்று பெயர் வைத்தால் அது எப்படி உழைக்கும் என்றார். போதாததற்கு ஒரு புகாரும் வைத்திருந்தார்.

"எங்க காட்டுல கொரங்கு வந்து நான் டின்னடிச்சா, அங்கியும் வந்து எம்முன்னால உக்காந்துக்குதுங்க. எந்திரிச்சுப் போன்னா போகமாட்டேங்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பறம் இருக்கற களிய உருட்டி வீசி, அது திங்கற நேரத்துல நாந்தான் தப்பிச்சு வாரேன்!"

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு வேல்முருகனுக்கும் மனசு மாறியது. அவன் கெட்டவனில்லை. ஆனால் வருசமெல்லாம் பாடுபட்டு வளர்த்த குலைகளைக் குரங்கு தின்ன, அதை வாலாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் நாய்க்கும் சோறு போடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. காரவள்ளியில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஜாபர் உசேன் பாய், மண்டி கேட்டில் கட்டிப்போட ஒரு நாய் கேட்டிருந்தார். அவருடைய லோடு வண்டி சனிக்கிழமை குலை ஏற்ற மேலே வரும்.

"குலையோட இதையும் ஏத்தி உட்ரலாம். அங்க கொரங்கு தொந்தரவு இல்ல. கொலைச்சாப் போதும்" என்றான் வேல்முருகன்.

"சங்கிலியில கட்டுவாங்களா?"

"கேட்டுல கட்டற நாயச் சங்கிலில கட்டாம?"

பானுமதி அடுப்படிக்குப் போய், எரியாத விறகை ஊதுகிறவள்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நாயைப் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. மிளகு பறிக்கப் போனால் மரத்தடியில் காத்திருக்கும். தண்ணிக்குப் போனால் கூடவே வரும். காலையில் எழுந்ததும் தன்னைப் பார்த்து இத்தனை சந்தோசப்படுகிற ஜீவன் உலகத்தில் இன்னொன்று இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சங்கிலியில் நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அந்த வாரமே பள்ளிக்கூட மைதானத்தில் நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடும் முகாம் நடந்தது. கீழேயிருந்து நௌஷீன் என்ற இளம் கால்நடை டாக்டர் வந்திருந்தார். சேலைக் கிழிசலிலும் மாட்டுக் கயிற்றிலும் கட்டப்பட்ட நாய்கள் ஒருபக்கம், அவற்றைவிட அதிகமாகச் சத்தம் போட்ட சொந்தக்காரர்கள் ஒருபக்கம். ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் எல்லோருடைய சந்தேகத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பானுமதி ஜமீனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"டாக்டரம்மா, இது கூப்புட்டா வரவே மாட்டேங்குதுங்க" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற பொன்னம்மாள்.

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் இத்தன நேரங் கழிச்சு வந்தீன்னு ரெண்டு போடுவேன்."

"அப்ப அது எதுக்குங்க வரும்? நானா இருந்தாலும் வரமாட்டேன்."

வரிசை சிரித்தது. பொன்னம்மாள் தன் நாயை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுத்து மாணிக்கம். கயிறு கட்டினால் நாய் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்பது அவன் குறை. சொல்லும்போதே கயிற்றைத் தன் பக்கம் வெடுக்வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தான். "மொதல்ல நீங்க இழுக்கறத உடுங்கண்ணா. ரெண்டு பேர்ல ஒருத்தராவது நிறுத்தோணுமில்ல" என்றார் டாக்டர். அவன் கயிற்றைத் தளரவிட்டதும் நாய் அவன் செருப்பின்மேல் படுத்துக்கொண்டது.

பானுமதியின் முறை வந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். சனிக்கிழமை வண்டி வருவதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

"கொரங்கு வந்ததும் உங்ககிட்ட ஓடியாந்து என்ன பண்ணும்? கால் சந்துல பூந்துக்குமா? வால உள்ள மடக்கிக்குமா?"

"இல்லீங்க. மொறையா உக்காந்து மேல பாக்கும். வாலாட்டும். எச்சி ஒழுகும்."

நௌஷீன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, பயந்துக்கிட்ட நாய் வால மடக்கும், ஒளியப் பாக்கும். இது உங்ககிட்ட எதையோ எதிர்பாத்து வருது. நீங்களே ஏதோ பழக்கியிருக்கீங்க."

"நானா? நான் ஒண்ணும் பழக்கலீங்களே!"

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. ஊட்டுக்குப் போயி நாயப் பாக்காதீங்க. நாயோட இருக்கறப்ப நீங்க என்ன பண்றீங்கன்னு பாருங்க."

படித்தவர்கள் இப்படித்தான், ஒரு கேள்வி கேட்டால் திருப்பி ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று பானுமதிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் களியைக் கிண்டி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஜமீனுக்கு வைக்க வாசலுக்கு வந்தாள். ஜமீன் வழக்கம்போலத் தோப்பில் எங்கோ திரிந்துகொண்டிருந்தது. அவளும் வழக்கம்போலக் குனிந்து, எண்ணெய் டின்னை எடுத்து, குச்சியை ஓங்கி, டங்கு டங்கென்று...

ஓங்கிய கை அப்படியே நின்றது.

குட்டியிலிருந்து அதைச் சோற்றுக்குக் கூப்பிட்டது இந்த டின்னை அடித்துத்தான். தினமும் தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கத்த முடியாது என்று அவளாகச் செய்த ஏற்பாடு. குரங்கு வந்தாலும் அதே டின். அதே குச்சி. போதாக்குறைக்கு, எதிர்ச்சரிவில் செங்கோடன் வேறு டின்னை அடித்துவிட்டுக் களி உருண்டை வீசியிருக்கிறார். ஊரே சேர்ந்து அந்த நாய்க்கு ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஜமீனும் கேட்டவுடன் வந்து, உட்கார்ந்து, மரியாதையாகக் காத்திருக்கிறது. இதைவிட நன்றாகப் பழகிய நாய் இந்த மலையில் உண்டா? பானுமதி வாசலிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வேல்முருகன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். "நீ சொல்றது ஞாயந்தான் புள்ள. ஆனா இப்ப என்ன பண்றது? நாம டின்னடிக்கறத நிறுத்தலாம். செங்கோடண்ணன் நிறுத்துவாரா? ஊர் நிறுத்துமா?"

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பானுமதி டின்னைத் தொடவில்லை. விசில் அடித்து ஜமீனைக் கூப்பிட்டுப் பழக்கிப் பார்த்தாள். விசில் அவளுக்குச் சரியாக வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்ச்சரிவில் செங்கோடன் டின்னை அடித்தார். ஜமீன் ஒரே பாய்ச்சலில் தோப்புக்குள் இறங்கியது. பாதையா வாய்க்காலா என்றெல்லாம் பார்க்கவில்லை. நேர்கோடு பிடித்தாற்போல் ஓடியது. வழியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் அலறிப் பறந்தன. அடுத்த நிமிடம் அங்கிருந்து, "அம்மிணி! இங்க வந்துருச்சுங்க!" என்று செங்கோடனின் பரிதாபக் குரல் கேட்டது. மாற்றிப் பழக்க ஒரு மாசமாவது ஆகும் என்று பானுமதிக்குப் புரிந்தது. அவளிடம் ஒரு மாசம் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மண்டி டிரைவர் ராசு லோடு வண்டியை வாசலில் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். வெட்டி வைத்த குலைகளை ஏற்றிவிட்டு, கேபினுக்குப் பின்னால் ஜமீனுக்கு ஓர் இடத்தை ஒதுக்கிச் சாக்கு விரித்தான்.

"அக்கா, சோறு கீறு வெச்சிராதீங்க. வளைவுல சுத்தறப்ப வாந்தி எடுத்து வெச்சுரும்."

கடைசி நாளில் அதற்கு வயிறாரப் போடக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று பானுமதி நினைத்துக்கொண்டாள். முந்தைய நாளே கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சட்டி மூடியபடி இருந்தது. ஜமீன் சட்டியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி சட்டியைப் பார்த்தது. வேல்முருகன் அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினான். கட்டும்போது அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"போயிட்டு வா சாமி" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கீழே தோப்பில் மட்டைகள் சடசடத்தன. அடுத்த வாரம் வெட்டுவதற்கென்று விட்டிருந்த குலைகளின்மேல் குரங்குக் கூட்டம் இறங்கியிருந்தது. பெரிய கடுவன் குரங்கு ஒன்று குலையில் உட்கார்ந்து சாவகாசமாக உரிக்க ஆரம்பித்தது.

"பானு, டின்ன எடு!" என்று கத்தினான் வேல்முருகன். ஒரு கையில் நாயின் கயிறு, மறுகையை வீசிக் கூச்சலிட்டான்.

பானுமதியின் கை தானாக டின்னுக்குப் போனது. போன கை நின்றது. ஜமீன் காதுகளை விடைத்துக்கொண்டு டின்னையே பார்ப்பதை அவள் கவனித்தாள். அடித்தால் இங்கேயே அவள் காலடியில் உட்காரும். அவ்வளவுதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச்சரிவில், வண்டி வந்ததை வேடிக்கை பார்க்கச் செங்கோடன் தம் காட்டுப் பாறையருகே வந்து நின்றிருந்தார். வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் தோப்பு. தோப்பு முழுக்கக் குரங்கு.

"அண்ணா! டின்ன அடிங்க!" என்று கத்தினாள்.

"எங்க காட்டுல கொரங்கே இல்லீங்களே அம்மிணி!"

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அடிங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

செங்கோடனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பக்கத்தில் கிடந்த டின்னை எடுத்து, வந்தது வரட்டும் என்று நான்கு அடி அடித்தார்.

ஜமீனுக்குக் காலையிலிருந்து வயிறு காலி. கயிறு வேல்முருகனின் கையை உரித்துக்கொண்டு பிய்ந்து போனது. மேட்டிலிருந்து தோப்புக்குள் பாய்ந்த வேகத்தில் காய்ந்த மட்டைகள் நொறுங்கின. நேர்கோடு பிடித்து, குரங்குக் கூட்டத்தின் நட்டநடுவே, தலையைக் குனிந்து, எதையும் பார்க்காமல் ஓடியது. தின்ற பழத்தைப் போட்டுவிட்டுக் குரங்குகள் நாலா பக்கமும் சிதறின. கடுவன் மட்டும் பல்லைக் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

அங்கே தம்மை நோக்கிப் பாய்ந்து வரும் நாயைப் பார்த்த செங்கோடன் பாறைமேல் ஏறிவிட்டார். பயத்தில் டின்னை அடிப்பதை நிறுத்தவும் மறந்துவிட்டார். அவர் அடிக்க அடிக்க, ஜமீன் பாறையடியில் உட்கார்ந்து வாலாட்டியது.

"அம்மிணி! போகமாட்டேங்குதுங்க!"

"நீங்க அடிக்கறத நிறுத்துங்கண்ணா!"

அவர் டின்னைக் கீழே போட்டதும் இங்கே பானுமதி தன் டின்னை எடுத்து அடித்தாள். ஜமீன் திரும்பியது. போன வேகத்தைவிட அதிக வேகத்தில் மறுபடி தோப்புக்கு நடுவே வந்தது. அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்த குரங்குகள் அலறி மேலே ஏறின. ஜமீன் பாதித் தோப்பைத் தாண்டியதும் பானுமதி நிறுத்தி, "அண்ணா, நீங்க!" என்றாள். செங்கோடனுக்கும் இப்போது விசயம் விளங்கிவிட்டது. பாறைமேல் நின்றபடியே, கோயில் பறையடிக்கிறவர்போல் உற்சாகமாக அடித்தார். இவள் நிறுத்த அவர், அவர் நிறுத்த இவள். ஜமீன் தோப்பை ஏர்போல் உழுதது. கடைசியில் கடுவனுக்கும் பொறுமை போய்விட்டது. அது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் தாவ, கூட்டம் முழுக்க அதன் பின்னால் போனது.

தோப்பு அமைதியானது. ராசு வண்டியின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். வேல்முருகன் பிய்ந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அது கொரங்கத் தொரத்தல புள்ள. சோத்துக்கு ஓடுது" என்றான் மெதுவாக.

"அது கொரங்குக்குத் தெரியாதுங்களே."

வேல்முருகனின் மீசை முதலில் துடித்தது. பிறகு அவனால் அடக்க முடியவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கல்யாணமான புதிதில் அவன் அப்படிச் சிரித்துப் பார்த்ததுதான் பானுமதிக்கு நினைவிருந்தது. சிரிப்பு அடங்கியதும் கயிற்றைச் சுருட்டிக் கூரையில் செருகினான்.

"ராசு, பாய்கிட்ட வேற நாயி பாக்கச் சொல்லிரு. அந்தச் சாக்கு விரிச்ச எடத்துல இன்னும் ரெண்டு குலை ஏத்திக்க."

பானுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடிக் கருவாட்டுக் குழம்புச் சட்டியைத் தூக்கிவந்தாள். எதிர்ச்சரிவில் செங்கோடன் பாறையைவிட்டு இறங்க முடியாமல், கீழே வாலாட்டும் ஜமீனுக்குத் தம் மடியிலிருந்த களியை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். "நாந்தான் அப்பவே சொன்னனே, நல்ல சாதி நாயின்னு!" என்று அவர் கத்தியது இங்கே கேட்டது.

வேல்முருகன் பெண்டாட்டியின் கையிலிருந்த சட்டியைப் பார்த்தான். கீழே கிடந்த குச்சியைத் தானே எடுத்தான்.

"நீ சோத்தப் பெசைஞ்சு வை. நான் கூப்புடறேன்" என்று சொல்லி, எண்ணெய் டின்னை ஓங்கி அடித்தான்.